முகத்தில் வரி உண்டா? சியரா நெவாடாவில் சிப்மங்கை இனம் காண்பது

2025 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் டாஹோ ஏரிப் பகுதியிலிருந்து ஒரு செய்தி வந்தது. சவுத் லேக் டாஹோவில் வசிக்கும் ஒருவருக்குப் பிளேக் நோய் உறுதியானது. முகாமிட்டிருந்தபோது தெள்ளுப்பூச்சி கடித்ததால் தொற்றியிருக்கலாம் என்று உள்ளூர் சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். அதோடு இன்னொரு தகவலும் வந்தது: டாஹோ படுகையில் 2021 முதல் 2024 வரை 41 'தரை அணில்கள் அல்லது சிப்மங்குகள்' பிளேக் கிருமியைச் சந்தித்த தடயத்தோடு இருந்தன, 2025-ல் மேலும் 4.

செய்தியைப் படித்தவர்களுக்குப் பல சந்தேகங்கள் எழுந்தன. தரை அணிலும் சிப்மங்கும் ஒன்றா, வேறு வேறா? முகாமில் காலடியில் வந்து நின்று கடலை கேட்கிறதே, அது எது? நம்மூர் அணிலைப் போலவே முதுகில் கோடு இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே வகையா? விடுமுறைக்கு யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கும் டாஹோவுக்கும் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் 'சிப்மங்க்' என்ற பெயரில்தான் சேமிக்கப்படுகின்றன. அவற்றில் பல சிப்மங்கே இல்லை.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். இடமாக சியரா நெவாடா மலைத்தொடரை எடுத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவின் கிழக்கு ஓரமாக நீளும் இந்த மலையில்தான் சிப்மங்க் இனங்கள் அடுக்கடுக்காக, உயரத்துக்கு ஒன்றாகக் குடியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியவும் இங்கேதான் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம்.

சிப்மங்க் என்பது எது

சிப்மங்க் அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. மரத்திலும் ஏறும், ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதி தரையில்தான். வளை தோண்டிக் குடியிருக்கும். இரண்டு கன்னத்திலும் பை உண்டு. விதைகளை அதில் திணித்துக்கொண்டு போய்ச் சேமித்துவைக்கும். குளிர்காலத்தில் வளைக்குள் உடம்பின் சூட்டைக் குறைத்துக்கொண்டு உறங்கும், சில நாளுக்கு ஒருமுறை விழித்துச் சேமிப்பிலிருந்து தின்னும், மறுபடி உறங்கும்.

உலகத்தில் சுமார் 25 சிப்மங்க் இனங்கள் இருக்கின்றன. ஆசியாவில் ஒன்று, அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் ஒன்று. மீதி எல்லாம் பெரும்பாலும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில்தான். கலிபோர்னியாவில் மட்டும் 13 இனங்கள். நியூயார்க் பக்கம் இருப்பவர் ஒரு சிப்மங்கைப் பார்த்தால் அது எந்த இனம் என்று யோசிக்கவே வேண்டாம், அங்கே இருப்பது ஒன்றுதான். மேற்கில் அந்த வசதி இல்லை.

நம் அணிலைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. இராமர் தடவிக்கொடுத்த மூன்று கோடு என்று நாம் கதை சொல்லும் அணிலும் சிப்மங்கும் நெருங்கிய உறவு இல்லை. ஒரே பெரிய குடும்பத்துக்குள் தனித்தனிக் கிளைகள். சிப்மங்கின் நெருங்கிய சொந்தங்கள் தரை அணில்களும் மலையில் சீழ்க்கையடிக்கும் குண்டு மார்மட்டும்தான். கோடு போட்ட உடம்பு இரண்டு கிளையிலும் தனித்தனியாக வந்திருக்கிறது. கோட்டை மட்டும் பார்த்துச் சொந்தம் கொண்டாட முடியாது.

முதல் கேள்வி: முகத்தில் வரி உண்டா

தமிழில் விலாசத்துக்கு முகவரி என்று பெயர். சிப்மங்குக்கு அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். முகத்தில் இருக்கும் வரிதான் அதன் விலாசம். முதுகை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்.

1. மூக்கிலிருந்து கண் வழியாகக் காது வரை கருங்கோடும் வெண்கோடும் மாறி மாறி ஓடினால் அது சிப்மங்க். எந்த இனமானாலும் இது மாறாது.

2. முகம் ஒரே செம்பு நிறமாக, கோடே இல்லாமல், கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையத்தோடு இருந்தால் அது பொன்மேலாடைத் தரை அணில். தலையும் தோளும் பொன்னிறப் போர்வை போர்த்தியதுபோல இருப்பதால் வந்த பெயர். முதுகின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைப் பட்டை, அதன் இரண்டு ஓரத்திலும் கருப்பு. நடுமுதுகில் கோடு இருக்காது. சிப்மங்குக்கு நடுமுதுகில் ஒரு கருங்கோடு கட்டாயம் உண்டு. மொத்தம் ஐந்து கருங்கோடு, அவற்றுக்கிடையே நான்கு வெளிர்கோடு.

3. உடம்பில் எங்குமே கோடு இல்லாமல், புல்வெளியில் முளையடித்ததுபோல நிமிர்ந்து நின்றால் அது பெல்டிங் தரை அணில். யோசெமிட்டியின் உயரத்தில் இருக்கும் டுவாலமி புல்வெளியில் இது நிறைய. சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக, பெரிய உடம்போடு, தாழ்வான இடங்களில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வருவது கலிபோர்னியா தரை அணில்.

4. மரக்கிளையிலிருந்து ஓயாமல் திட்டிக்கொண்டே இருப்பது, மேலே கரும்பழுப்பு, வயிறு வெளிர், விலாவில் ஒரே ஒரு கருங்கோடு என்றால் அது டக்ளஸ் அணில். முதுகில் பட்டை இருக்காது.

இந்த நான்கில் இரண்டாவதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. பொன்மேலாடைத் தரை அணிலும் சிப்மங்கும் ஒரே பாறையில், ஒரே கடலைக்காகப் போட்டி போடும். தரை அணில் இரண்டு மூன்று மடங்கு கனமானது, உருண்டையானது, மனிதரைக் கண்டு கூசாதது. படத்தில் அளவு தெரியாது என்பதால்தான் குழப்பம். கைக்குள் அடங்கும் அளவில், மூக்கு கூராக, அசைவு விருட்விருட்டென்று இருந்தால் சிப்மங்க் பக்கம் சாயலாம். ஆனால் தீர்ப்பு முகத்தைப் பார்த்த பிறகுதான்.

சிப்மங்க் என்று உறுதியானதும் இனம் பிரிப்பது ஏன் கடினம்

இங்கே நிறைய பேர் சோர்ந்துபோகிறார்கள். புத்தகத்தைத் திறந்தால் ஒரே மாதிரி பத்துப் படம். எது எதுவென்று தெரியவில்லை. அது பார்ப்பவரின் குறை இல்லை. விலங்கியலாளர்களுக்கே இது நூறு வருஷத்துப் பிரச்சினை. காரணங்கள் இவை.

மேற்கத்திய சிப்மங்குகள் அண்மைக் காலத்தில் வேகமாகக் கிளை பிரிந்தவை. உருவ வேறுபாடு பெரிதாக வளரவில்லை. ஓர் இனத்துக்குள்ளேயே நிறம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை உரோமம் உதிர்ந்து முளைக்கிறது. கோடைச் சட்டை பளிச்சென்று செம்மை கூடியது, குளிர்காலச் சட்டை மங்கலானது. உரோமம் உதிரும் நடுவில் பார்த்தால் ஒரே விலங்கின் முன்பாதி ஒரு நிறம், பின்பாதி ஒரு நிறம். இதோடு மாலை வெயிலும் சேர்ந்துகொண்டால் சாம்பல் நிறச் சிப்மங்கும் செந்நிறமாகத் தெரியும்.

அப்படியானால் அருங்காட்சியகத்தில் எதை வைத்துப் பிரித்தார்கள்? இனப்பெருக்க உறுப்பில் இருக்கும் ஒரு மெல்லிய எலும்பை வைத்து. ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்தச் சின்ன எலும்பு உண்டு, வளைவும் நுனியும் இனத்துக்கு இனம் வேறுபடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது உதவாது. மரபணுவாவது தெளிவாகச் சொல்லுமா என்றால், தாய் வழியாக மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணு சில இடங்களில் தப்பாகவே காட்டுகிறது. ராக்கி மலையின் வடபகுதியில் யெல்லோ-பைன் சிப்மங்கும் செவ்வால் சிப்மங்கும் முன்பு எப்போதோ கலந்ததில், ஓர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா மற்றதன் உடம்புக்குள் போய்த் தங்கிவிட்டது. உருவம் ஒன்று, தாய்வழிச் சீட்டு வேறொன்று.

ஆகவே நிறத்தை முதல் ஆதாரமாக வைத்தால் அலைய வேண்டியதுதான். என் கருத்தில், பார்ப்பவர் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அந்த விலங்கு நிற்கும் இடம்: எத்தனை மீட்டர் உயரம், மலையின் எந்தப் பக்கம், சுற்றி என்ன செடி. அது பத்துப் பெயரை இரண்டாகக் குறைத்துவிடும். மிச்சம் இருக்கும் இரண்டைப் பிரிக்கத்தான் நிறமும் கோடும் வேண்டும்.

மலையே ஏணி: மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பயணம்

சியரா நெவாடாவின் மேற்குச் சரிவு நீளமானது, மெல்ல ஏறுவது. கிழக்குச் சரிவு செங்குத்தாக இறங்குவது. மேகம் மேற்கிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் கிழக்குப் பக்கம் வறண்ட பூமி. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் குறுக்காகப் போகும் டியோகா சாலையில் ஒரே நாளில் இந்த மாற்றம் முழுவதையும் பார்த்துவிடலாம். பனிக்காகக் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும் சாலை அது. பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும்.

1. அடிவாரம். கலிபோர்னியாவில் சப்பரால் என்று சொல்லும் முள்ளும் புதருமான வறண்ட காடு. இங்கே மெரியம் சிப்மங்க். உடம்பு சாம்பலும் பழுப்பும் கலந்தது, கோடுகள் மங்கல், வால் நீளம். புதருக்குள்ளேயே ஓடி மறைவதால் காதில் விழும் அளவுக்குக் கண்ணில் படாது.

2. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு, சுமார் 1,200 மீட்டர். சுற்றுலாப் பயணிகள் அதிகம் கூடும் இடம். இங்கே நடைபாதையில் வந்து நிற்பவை பெரும்பாலும் கலிபோர்னியா தரை அணிலும் மேற்குச் சாம்பல் அணிலும். சிப்மங்க் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் ஏற வேண்டும்.

3. கிரேன் ஃப்ளாட் பக்கம், 1,900 மீட்டருக்கு அருகில். உயர்ந்த ஊசியிலை மரங்கள், அடியில் புதர். இது லாங்-இயர்டு சிப்மங்கின் வீடு. பெயருக்கேற்ற நீண்ட கூர்காது. அதைவிட நல்ல அடையாளம் காதுக்குப் பின்னால் இருக்கும் பெரிய வெள்ளைத் திட்டு. தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். சியராவின் பெரிய சிப்மங்குகளில் ஒன்று இது. நல்ல செம்மை கலந்த நிறம். ஆலன் சிப்மங்க் என்ற இன்னொரு பெரிய, மங்கலான நிறத்து இனமும் இதே மாதிரிக் காட்டில் இருக்கலாம். சியராவின் வடபகுதியில்தான் அதைத் தேட வேண்டும். டியோகா சாலைப் பக்கம் அது இப்போது மிக அரிது.

4. அதற்கு மேல் 3,000 மீட்டர் வரை, ரெட் ஃபர், லாட்ஜ்போல் பைன் மரக்காடு. இந்தப் பகுதி முழுக்க லாட்ஜ்போல் சிப்மங்கின் ஆட்சி. டியோகா சாலையில் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கியதும் முதலில் கண்ணில் படும் சிப்மங்க் இதுவாகத்தான் இருக்கும். சியரா இனங்களில் மரமேறுவதில் இதற்கு விருப்பம் அதிகம், விரட்டினால் தண்டில் ஏறிக்கொள்ளும். அடையாளம் பளிச்சென்றது: முதுகின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் கடைசி வெண்கோடு தூய வெள்ளை, அகலமானது. அதற்கும் கீழே இருக்க வேண்டிய கடைசிக் கருங்கோடு அநேகமாக அழிந்துபோய், வெள்ளை அப்படியே விலாவில் முடியும்.

5. மரங்கள் குட்டையாகிப் பாறை தொடங்கும் இடம். டுவாலமி புல்வெளி சுமார் 2,600 மீட்டர், டியோகா கணவாய் 3,031 மீட்டர். கணவாயைச் சுற்றி உடைந்த கிரானைட் கற்கள் சரிந்து குவிந்து கிடக்கும் சரிவுகள். இங்கே தேட வேண்டியது ஆல்பைன் சிப்மங்க். சின்னது, வெளிர் சாம்பல், வெயிலில் வெளுத்த துணியின் நிறம். கோடுகள் உண்டு, ஆனால் கருப்பென்று சொல்ல முடியாத பழுப்புக் கோடுகள். பக்கத்தில் லாட்ஜ்போல் நின்றால் வேறுபாடு உடனே தெரியும். உலகத்தில் வேறெங்கும் இந்த இனம் இல்லை, சியரா நெவாடாவின் உயரங்களில் மட்டும்தான். அதிலும் யோசெமிட்டியை ஒட்டிய பகுதியிலிருந்து தெற்கே. டாஹோவில் எடுத்த படத்துக்கு யாராவது ஆல்பைன் என்று பெயர் வைத்தால் படத்தைப் பார்க்காமலே மறுத்துவிடலாம்.

6. கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் மரம் இடைவெளி விட்டு நிற்கும் உலர்ந்த காடு. யெல்லோ-பைன் சிப்மங்க். நடுத்தர உடம்பு, மஞ்சள் கலந்த செம்மை, கோடுகள் அழுத்தமாக, கடைசிக் கருங்கோடு வரைக்கும் தெளிவாக இருக்கும். லாட்ஜ்போலிலிருந்து பிரிக்க அந்தக் கடைசிக் கோடுதான் பிடி.

7. மோனோ ஏரி, சுமார் 1,950 மீட்டர். மரமே இல்லாத சேஜ்பிரஷ் புதர்வெளி, சாம்பல் பச்சையாகக் கண்ணுக்கெட்டும் வரை. லீஸ்ட் சிப்மங்க், பெயர் சொல்வதுபோல எல்லாவற்றிலும் சிறிய கூட்டத்தைச் சேர்ந்தது. 30 முதல் 50 கிராம் எடை. ஓடும்போது வாலைக் கொடிக்கம்பம்போல நேராகத் தூக்கிக்கொண்டு ஓடும். இந்த ஒரு பழக்கத்தை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம்.

இந்த அடுக்கு எப்படி உண்டானது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. ஒவ்வோர் இனமும் தனக்குப் பிடித்த தட்பவெப்பத்தில் போய் உட்கார்ந்துகொண்டது என்று நினைக்கத் தோன்றும். 1970-களில் கிழக்குச் சரிவில் நடந்த ஆய்வுகள் வேறு ஒன்றைக் காட்டின. சேஜ்பிரஷ் வெளியில் இருக்கும் லீஸ்ட் சிப்மங்கால் மேலே இருக்கும் காட்டிலும் வாழ முடியும். ஆனால் அங்கே இருக்கும் யெல்லோ-பைன் சிப்மங்க் அதைவிடச் சண்டைக்காரன், துரத்திவிடுகிறது. சரி, அப்படியானால் அந்தச் சண்டைக்காரன் ஏன் கீழே இறங்கிப் புதர்வெளியையும் பிடித்துக்கொள்ளவில்லை? வெயில். அந்தச் சூட்டை யெல்லோ-பைனால் தாங்க முடியாது, லீஸ்ட் தாங்கும். மேல் எல்லையைப் போடுவது பக்கத்து வீட்டுக்காரனின் பலம், கீழ் எல்லையைப் போடுவது சூடு. சூடு மாறினால் எல்லையும் மாறும் என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதிக்கு அது வேண்டும்.

டாஹோ ஏரியைச் சுற்றி எந்தச் சிப்மங்க் என்றால், ஏரிக்கரையைச் சுற்றிய காடுகளில் யெல்லோ-பைன், லாட்ஜ்போல், லாங்-இயர்டு, ஆலன் ஆகிய நான்கையும் கணக்கில் வைக்க வேண்டும். கிழக்கே நெவாடாவின் வறண்ட பக்கம் இறங்கினால் லீஸ்ட் சேர்ந்துகொள்ளும்.

எல்லைக்கோட்டில் பார்த்தால்

உண்மையான சிக்கல் இரண்டு அடுக்கு சந்திக்கும் இடத்தில்தான். டுவாலமி புல்வெளியின் ஓரத்தில் லாட்ஜ்போல், ஆல்பைன், யெல்லோ-பைன் மூன்றுக்கும் வாய்ப்புண்டு. அங்கே ஒரு படம் போதாது. இந்த வரிசையில் நான்கு படம் எடுக்கப் பாருங்கள்:

1. பக்கவாட்டில் முழு உடம்பு. ஓரத்து வெண்கோடும் அதன் கீழே கருங்கோடு இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும்.

2. தலையின் பின்பக்கம். காதுக்குப் பின்னால் இருக்கும் திட்டின் அளவும் வெண்மையும்.

3. வாலின் அடிப்பக்கம். அது வாலைத் தூக்கும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஆல்பைனுக்கு அடிப்பக்கம் ஆரஞ்சு.

4. விலங்கை விட்டுவிட்டு, அது நின்ற இடம். பாறையா, புதரா, எந்த மரம்.

நான்காவது படத்தை யாரும் எடுப்பதில்லை. நான்கில் அதுதான் அதிகம் பேசும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஜூன் முதல் செப்டம்பர் வரை, காலை வெயில் ஏறத் தொடங்கிய பிறகு போவது நல்லது. உச்சி வெயிலில் நடமாட்டம் குறையும். விழுந்த மரத்தண்டு, பாறை இடுக்கு, காய்த்த புதர் இவற்றின் பக்கத்தில் அசையாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தால் நடந்து தேடுவதைவிட அதிகம் பார்க்கலாம். காதையும் பயன்படுத்துங்கள். 'சிப் சிப்' என்று திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கைக் குரலைப் பறவை என்று நினைத்து நிறைய பேர் கடந்துபோகிறார்கள். லாங்-இயர்டு, ஆலன் போன்ற பெரிய இனங்களை ஆய்வாளர்கள் குரலின் வடிவத்தை வைத்தே பிரித்திருக்கிறார்கள். கைப்பேசியில் குரலைப் பதிந்து வைப்பது வீண்போகாது.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்ததும் ஒரு பெயரைச் சொல்லும். அது யோசனைதான், தீர்ப்பு இல்லை. முகம் தெரியாத படத்துக்கு இனப்பெயர் போடுவதைவிட 'மேற்கத்திய சிப்மங்க்' என்ற பொதுப் பெயரோடு நிறுத்துவது நேர்மையானது, பயனும் உள்ளது. தப்பான இனப்பெயர் தரவுக்குள் நுழைந்துவிட்டால், பின்னால் வருபவர் அதை வைத்து 'இந்த விலங்கு இங்கே இருக்கிறது' என்று வரைபடம் போடுவார். தெரியாது என்று எழுதியதால் எந்த வரைபடமும் கெட்டதில்லை.

பிளேக் செய்தியை எப்படிப் புரிந்துகொள்வது

'கிருமியைச் சந்தித்த தடயம்' என்றால் அந்த விலங்குகளின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தது என்று பொருள். 45 விலங்குகளும் நோயோடு திரிந்தன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிருமி அந்தப் பகுதியில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் சேதி. சுகாதாரத் துறை இந்த விலங்குகளை வருஷா வருஷம் சோதிப்பதும் அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

பிளேக் அமெரிக்காவின் மேற்குக்கு வந்தது 1900-ஐ ஒட்டி, சான் பிரான்சிஸ்கோ துறைமுகம் வழியாக, கப்பல் எலிகளோடு. சில ஆண்டுகளில் கலிபோர்னியா தரை அணில்களுக்குத் தாவியது. ஊருக்குள் எலியை ஒழிக்க முடிந்தது, மலையில் முடியவில்லை. அன்று முதல் காட்டு விலங்குகளிடையே தெள்ளு வழியாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம், அமெரிக்கா முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக ஏழு பேர். முன்கூட்டியே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்தால் குணமாகும்.

2015 கோடையில் யோசெமிட்டிக்கு வந்துபோன இருவருக்குப் பிளேக் உறுதியானபோது கிரேன் ஃப்ளாட்டையும் டுவாலமியையும் சேர்ந்த முகாம்களை மூடி, வளைகளில் தெள்ளு மருந்து தெளித்தார்கள். 2021 ஆகஸ்டில் டாஹோவின் தெற்குக் கரையில் சிப்மங்குகளிடம் பிளேக் தெரியவந்ததும் டெய்லர் க்ரீக் பார்வையாளர் மையத்தையும் கீவா ஏரிக்கரையையும் சில நாள் மூடி அதே வேலையைச் செய்தார்கள். சிப்மங்குகளைக் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். விலங்கு செத்தால் அதன் மேலிருக்கும் தெள்ளு வேறு உடம்பைத் தேடும், அது மனிதனாகவும் இருக்கலாம். அதனால்தான் குறி எப்போதும் தெள்ளின் மேல்.

இந்த ஒரு விஷயத்துக்கு இனம் பிரிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சிப்மங்கோ தரை அணிலோ, விதி ஒன்றுதான்: தீனி போடாதீர்கள், வளை வாயில் கூடாரம் அடிக்காதீர்கள், செத்துக் கிடப்பதைத் தொடாதீர்கள், நாயைக் கட்டிவையுங்கள். ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும், அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலியோடு கட்டியும் வந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேசியப் பூங்காக்களில் காட்டு விலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படியும் குற்றம். கடலைக்குப் பழகிய சிப்மங்க் மனிதர் கூடும் இடத்திலேயே குவிகிறது, தெள்ளும் அங்கேயே குவிகிறது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு நோய் ஹான்டா வைரஸ். 2012-ல் யோசெமிட்டியில் பத்துப் பேரைத் தாக்கி மூன்று பேரைக் கொன்றது. அதற்குக் காரணம் மான் எலி, சிப்மங்க் இல்லை. பழைய மரக்குடில்களில் இரவில் கடித்துவிட்டுப் போகும் மென்னுண்ணி பரப்பும் மீள்காய்ச்சலுக்கு மட்டும் சிப்மங்குக்கும் பைன் அணிலுக்கும் பங்கு உண்டு, அவை குடிலின் கூரையில் கூடு கட்டும்போது.

பழைய குறிப்பேடும் ஒரு சின்ன விலங்கும்

நோய்க்கு இனம் தேவையில்லை என்றால் பின் எதற்காக இத்தனை கவனம்? இதற்குப் பதில் சொல்ல ஒரு நூறாண்டு பின்னால் போக வேண்டும்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு விலங்குகளுக்கான அருங்காட்சியகத்தை 1908-ல் தொடங்கியவர் ஆனி அலெக்சாண்டர். அதன் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னல். 1914 முதல் 1920 வரை கிரின்னலும் தோழர்களும் யோசெமிட்டியின் குறுக்காக, மேற்கே சமவெளியிலிருந்து கிழக்கே மோனோ ஏரி வரை, மேலே நாம் போன அதே கோட்டில், ஒவ்வோர் உயரத்திலும் என்ன விலங்கு இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். என்ன பிடிபட்டது என்பதோடு நிற்கவில்லை. எத்தனை பொறி வைத்தோம், எந்தச் செடியின் கீழ், அன்று வானம் எப்படி, எது பிடிபடவில்லை, எல்லாவற்றையும் நாள் நாளாக எழுதினார்கள். இந்த வேலையின் முழுப் பயனும் தெரிய ஒரு நூற்றாண்டுகூட ஆகலாம் என்று கிரின்னல் 1910-லேயே எழுதிவைத்தார்.

2003-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் அந்தக் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்குத் திரும்பப் போனார்கள். முடிவுகள் 2008-ல் வெளியாயின. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியின் குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ் ஏறியிருந்தது. கணக்கெடுத்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, சராசரியாக 500 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன.

சிப்மங்குகளிடையே மூன்று விதமான கதை. லாட்ஜ்போல் சிப்மங்க் அநேகமாக இருந்த இடத்திலேயே இருந்தது. ஆலன் சிப்மங்க், கிரின்னல் பதிவு செய்த இடங்களில் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. ஆல்பைன் சிப்மங்கின் கீழ் எல்லை 600 மீட்டருக்கும் மேல் ஏறிவிட்டது. மலையில் 600 மீட்டர் என்பது ஒரு காட்டு அடுக்கு முழுவதும். கிரின்னல் காலத்துத் தோல்களிலிருந்தும் இன்றைய விலங்குகளிலிருந்தும் மரபணு எடுத்து ஒப்பிட்ட 2012-ஆம் ஆண்டு ஆய்வில், ஆல்பைனின் மரபணு வகைமை குறைந்திருந்தது. கூட்டங்கள் மலை உச்சிகளில் தீவு தீவாகத் துண்டுபட்டுவிட்டதன் அடையாளம் அது. அதே ஒப்பீட்டில் லாட்ஜ்போலுக்கு அப்படி இழப்பு இல்லை.

முகாமில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், நாம் ஒரே பெயர் வைத்துவிடும் இரண்டு விலங்குகள். ஒன்றுக்கு எதுவும் ஆகவில்லை, மற்றது போக இடமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. யோசெமிட்டியின் உயரமான சிகரமான லயல் 3,997 மீட்டரோடு முடிகிறது. 'சிப்மங்க்' என்று மட்டும் எழுதிவைத்திருந்தால் இந்த வேறுபாடு குறிப்பேட்டிலேயே புதைந்துபோயிருக்கும்.

கோடையில் டியோகா சாலையில் போகிறவர் கையில் கைப்பேசி இருக்கிறது, அதில் உயரம் காட்டும் வசதியும் இருக்கிறது. 2,900 மீட்டருக்குக் கீழே, பாறைச் சரிவில், வெளிறிய கோட்டோடு ஒரு சின்னச் சிப்மங்கைப் பார்த்தால் நின்று படம் எடுங்கள். ஓரத்து வெண்கோடு தெரியட்டும், காதின் பின்பக்கம் தெரியட்டும், அது நின்ற பாறையும் தெரியட்டும். தேதியையும் உயரத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் எதுவும் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், கிரின்னல் அதைத்தான் செய்தார்.